சுமைதாங்கிக் கல்லில் இறங்காத சைக்கிள்

நான் சைக்கிள் வாங்கிய புதிதில் அதை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். கேலிதான், ஆனால் முழுப் பொய்யில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்து எங்கள் சேரிக்கு வர ஒரே ஒரு பாதைதான் இருந்தது. டிரங்க் ரோட்டை விட்டு இறங்கி, பாலாற்றங்கரை ஓரமாகக் கொஞ்ச தூரம் மண்பாதையில் வந்தால் ஊர் வரும். ஊர்த் தெருவைக் கடந்தால்தான் சேரி. ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. தலையில் பாரத்தோடு வருகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாற என்று எந்தப் புண்ணியவானோ நட்டு வைத்தது. எங்களுக்கு மட்டும் அந்தக் கல் வேறு வேலை செய்தது. கல்லைக் கண்டதும் சேரிக்காரன் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டும். பஜனைகோயிலையும் ஊர்க் கிணற்றையும் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடந்து, அதற்கப்புறம் ஏறிக்கொள்ளலாம். இப்படி எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதியிருந்தாலாவது கிழித்துப் போட்டிருக்கலாம்.

எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் நான் பார்ப்பது ஊர்க்காரர்களின் சைக்கிள் சீட்டைத்தான். மணியக்காரர் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கும். அதன் சீட்டு தோல். அந்தத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் உதிர்த்து, கொழுப்பு வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துச் சிவக்க வைத்தது எங்களைப் போன்றவர்களின் கை. சுண்ணாம்பு தின்று விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும் கை. நாங்கள் பதனிட்ட தோலின்மேல் அவர்கள் உட்காரலாமாம், நாங்கள் உட்கார்ந்தால் ஊருக்கு ஆகாதாம். இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே விளங்கியதில்லை.

எங்கள் டேனரியில் கணக்கெழுதும் ரைட்டராக ஒரு முஸ்லிம் இளைஞர் இருந்தார். என் வயதுதான். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், முதலாளியின் கடிதங்களுக்கு இங்கிலீஷ் என்று மூன்றிலும் புகுந்து விளையாடுவார். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைத் தோஸ்த் என்பார். பதனிட்ட தோலைக் கட்டும்போது இடையிடையே வைக்கப் பழைய சீமைப் பேப்பர்கள் மெட்ராஸிலிருந்து கட்டுக்கட்டாக வரும். அவற்றில் படம் போட்ட தாள் கண்ணில் பட்டால் பாய் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் அப்படி ஒரு தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"இவரப் பாரு தோஸ்த். உன்ன மாதிரியே சைக்கிள் பைத்தியம்."

படத்தில் ஒருவர் சைக்கிள்மேல் குனிந்திருந்தார். முதுகு வில்லாக வளைந்து, மூக்கு முன்சக்கரத்தைத் தொட்டுவிடும்போல இருந்தது. தொடை இரண்டும் உருட்டித் திரட்டியவை. தோல் நல்ல கறுப்பு. எங்கள் சேரியில் யாருக்கோ அண்ணன் என்று சொன்னால் நம்பிவிடலாம். ஊர்க்காரர்கள் முறைப்பதுபோல அவர் என்னைப் பார்க்கவில்லை, முன்னால் இருந்த பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். அமெரிக்கா தேசத்துக்காரர். அவருடைய முன்னோர்களை அடிமைகளாக விற்று வாங்கியிருக்கிறார்கள். சைக்கிள் பந்தயத்தில் வெள்ளைக்காரர்களை எல்லாம் தோற்கடித்து உலகத்துக்கே முதல்வராக வந்தவர். ஜெயித்த ஊரிலேயே சாப்பாட்டுக் கடையில் சோறு போடமாட்டோம் என்றிருக்கிறார்கள், தங்க அறை இல்லை என்றிருக்கிறார்கள். பந்தயத்தில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு முன்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன் என்று அவரை நடுவில் அடைத்துவிடப் பார்ப்பார்களாம். அவர் சந்து கிடைக்கும்வரை மிதித்துக்கொண்டே இருப்பாராம். கிடைத்ததும் அதில் நுழைந்து போய்விடுவாராம்.

"எறங்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"எறங்கினா எப்படிப்பா ஜெயிக்கிறது?" என்று பாய் சிரித்தார். "ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்ட மாட்டாராம். கோயிலுக்குப் போற நாளாம்."

அது எனக்குப் பிடித்திருந்தது. முதலாளிகள் முஸ்லிம்கள் என்பதால் எங்கள் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அவருக்கு ஞாயிறு, நமக்கு வெள்ளி, மற்றபடி ஒரே ஜாதி என்று சொல்லிக்கொண்டேன்.

படத்தை வாங்கி அட்டையில் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சேரியில் சைக்கிள் வைத்திருந்தவர்களும் ஓட்டத் தெரிந்தவர்களுமாக ஏழெட்டுப் பேர் இருந்தோம், எல்லோரும் டேனரி ஆட்கள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். சாமி படத்துக்கு ஊர்வலம் விடுகிறார்கள், ராஜா படத்துக்கு ஊர்வலம் விடுகிறார்கள், நம் ஆளுக்கு ஏன் விடக்கூடாது என்று நான்தான் ஆரம்பித்தேன். சைக்கிள்காரருக்குச் சைக்கிளில்தானே ஊர்வலம் போக வேண்டும்? ஆம்பூர் பஜாரில் புறப்பட்டு, எங்கும் இறங்காமல், ஊர்த் தெருவழியாகச் சேரிவரை ஓட்டி வருவது என்று முடிவாயிற்று. எங்கும் இறங்காமல் என்பதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னோம். மற்றதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

ரம்ஜானுக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். பண்டிகைக்கு டேனரியெல்லாம் மூடியிருக்கும். சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள் வேண்டும். பஜாரில் கடை வைத்திருந்தவரிடம் பாய் போய்ப் பேசினார்.

"கட மூடித்தான் கெடக்குது, வண்டி சும்மா நிக்குது. எட்த்துட்டுப் போங்க," என்றார் கடைக்காரர். "ஆனா ஒரு ஸ்போக் வளைஞ்சி வந்துச்சின்னா எனக்குப் பேஜார் ஆயிடும், சொல்லிட்டேன்."

காலையில் பஜாரில் கூடினோம். எங்களில் ஒருவன் படத்துக்கு என்று சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டுப் படத்தை என் ஹேண்டில்பாரில் கட்டினோம். பாய் பண்டிகைச் சட்டை, அத்தர் வாசனை, தலையில் குல்லாய் என்று மாப்பிள்ளைபோல வந்து தன் சைக்கிளில் முன்னால் நின்றார். மணியை அடித்துக்கொண்டு புறப்பட்டோம். டிரங்க் ரோட்டில் மாட்டுவண்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். பிரியாணி வாசனை வந்த வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, யார் கல்யாணம் என்று கேட்டார்கள். உலக சாம்பியன் ஊர்வலம் என்று பாய் கத்தினார். பாலாறு வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. காற்று எதிர்க்காற்று. அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

சுமைதாங்கிக் கல் வந்தது.

யாரும் எங்களைத் தடுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். யாரும் தடி எடுத்து வரவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஜனைகோயில் நிழலில் மணியக்காரரும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். கல்லைத் தாண்டும் இடத்தில் என் இடது கால் தானாகப் பெடலைவிட்டுத் தரைக்கு வந்தது. நான் இறங்க நினைக்கவில்லை. கால் இறங்கிவிட்டது. பின்னால் திரும்பினால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இறங்கி நிற்கிறார்கள். சிலர் குனிந்து செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்கள்! கழுத்தில் கயிறு கட்டாமலே கொட்டிலுக்குப் போகிற மாடு மாதிரி நின்றோம்.

பாய்க்கு அந்தக் கல் ஒன்றும் செய்யாது. அவர் எப்போதும் அந்தத் தெருவில் ஓட்டிக்கொண்டுதான் போவார். அன்றும் மணி அடித்துக்கொண்டே பாதித் தெரு போய்விட்டார். பின்னால் சத்தமில்லையே என்று திரும்பிப் பார்த்தவர், எங்கள் கோலத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் தெரு நடுவில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். பண்டிகைச் சட்டையோடு அவர் நின்ற நிலை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பஜனைகோயில் நிழலிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"பாத்தியா, சொல்லாமயே எறங்கிட்டானுங்க," என்றார் மணியக்காரர். "நல்ல புள்ளைங்க."

அடித்திருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது. எல்லோரும் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாயும் இறங்கி எங்களோடு தள்ளிக்கொண்டு வந்தார், அது இன்னும் மோசமாக இருந்தது.

சேரியில் பெண்கள் கறிக்குழம்பு வைத்துக் காத்திருந்தார்கள். என் மனைவி டேனரியில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். உலக்கை பிடித்துப் பிடித்துத் தோள் இரண்டும் என்னைவிட அகலம். வாயும் அப்படித்தான். அவள் முதலில் எங்கள் ஹேண்டில்பார்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"அடிச்சாங்களா?" என்றாள்.

"இல்ல."

"கத்தினாங்களா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு எறங்குனீங்க?"

எங்களில் ஒருவன், சரி விடு, சோத்தப் போடு, இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவளுக்கு அது காதில் விழவில்லை. என் ஹேண்டில்பாரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு செத்துப்பூட்டாரா?"

பாயைப் பார்த்தேன். பாய் கையை விரித்தார். பேப்பர் பழசு, அவருக்கே தெரியாது.

"செத்துட்டாரா இல்லியான்னு தெரியாம மால போட்டிருக்கீங்க. நல்ல ஊர்வலம் போ!" மாலையைக் கழற்றி அங்கே நின்ற ஆட்டுக்கு முன்னால் போட்டாள். ஆடு உடனே ஆரம்பித்துவிட்டது. பிறகு கையைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் சைக்கிள் கேரியரில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டு," என்றாள்.

"எங்க?"

"எங்கியா? கல்லு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வர்லாம். அப்பறம்தான் சோறு."

நான் தயங்கினேன் என்பதை மறைக்கவில்லை. தனியாக அடிவாங்குவது வேறு, பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு அடிவாங்குவது வேறு. ஆனால் அவள் இறங்குவதாக இல்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். பாய் தானாகவே கடைசிக்குப் போனார். முன்னால் போனால் மறுபடியும் நீங்கள் எல்லாம் காணாமல் போய்விடுவீர்கள் என்றார். அந்த நேரத்திலும் நாங்கள் சிரித்தோம்.

கிணற்றடிப் பக்கமிருந்து தெருவுக்குள் நுழைந்தோம். மணிச் சத்தம் கேட்டதும் பஜனைகோயில் நிழலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. யாரோ ஓடிப்போய் ஒரு கட்டை வண்டியை இழுத்து ஒருபக்கம் நிறுத்தினார்கள். மீதிப் பாதையில் மணியக்காரரே வந்து நின்றார். இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள் நெருங்கினார்கள். படத்தில் இருந்தவரை அடைத்தார்களே, அப்படியே அடைத்தார்கள்.

"டேய், எறங்குடா," என்றார் மணியக்காரர்.

அந்தக் குரலுக்கு என் இடது கால் மறுபடியும் பெடலைவிட்டு நழுவியது. முதுகில் சட்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. வண்டி தள்ளாடியது.

"கால கீழ வெச்சியானா நான் தெருவுல வுழுவேன்," என்றாள் என் மனைவி. எனக்கு மட்டும் சொல்வதுபோல ஆரம்பித்து, தெருவுக்கே கேட்கும்படி முடித்தாள். "வுழுந்தா எழுந்திரிக்க மாட்டேன். இங்கியே ஒக்காந்துக்குவேன். தொட்டுத் தூக்குறவன் எவனோ வந்து தூக்கட்டும்!"

அந்தத் தெரு அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர்கள் எங்களைத் தொட முடியாது. சைக்கிளைப் பிடித்து நிறுத்தினால் எங்கள் கை பட்ட இரும்பைத் தொட வேண்டும். என்னை இழுத்தால் என் மேல் கை வைக்க வேண்டும். வைத்தால் அத்தனை பேரும் பெண்டாட்டி பிள்ளைகளின் எதிரில் தலைமுழுகப் போக வேண்டும். எத்தனையோ காலமாக எங்களைத் தூர நிறுத்திய அந்தச் சட்டம், இப்போது அவர்கள் கையைக் கட்டிப் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலைத் தூக்கிப் பெடலில் வைத்து மிதித்தேன்.

சக்கரம் மணியக்காரரை நோக்கிப் போனது. அவர் கடைசிவரை நின்றார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். டயர் அவருடைய வேட்டியைத் தொட ஒரு முழம் இருக்கும்போது வேட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார். கட்டை வண்டிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சந்து திறந்தது. அதில் நுழைந்து போனேன். பின்னால் மணி அடித்துக்கொண்டே மற்றவர்கள் வந்தார்கள். வழியெல்லாம் என் மனைவி செருப்புக் காலை ஆட்டிக்கொண்டே வந்தாள் என்று பாய் அப்புறம் சொன்னார்.

சுமைதாங்கிக் கல்லைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே தெருவில் திரும்பி வந்தோம். அப்போது தெருவில் ஒருவரும் இல்லை, கதவெல்லாம் சாத்தியிருந்தது. கறிக்குழம்பு ஆறிப்போயிருந்தது. அதைவிட ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

அதோடு முடிந்தது என்று சொன்னால் அது கதை. மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது தெரு நீளத்துக்கும் கருவேல முள் தூவிக் கிடந்தது. கையால் தொட முடியாது என்பதால் முள்ளை அனுப்பியிருந்தார்கள். டியூப் எல்லாம் பஞ்சர். தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. திண்ணைகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. ஒட்டுப்போட்டு ஓட்டினால் அடுத்த நாளும் முள். சேரிப் பெண்களைக் களையெடுக்கக் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். ஒரு சாயங்காலம் எங்கிருந்தோ வந்த கல் எங்களில் ஒருவனின் புருவத்தைப் பிளந்தது. சேரியிலேயே சிலர் வந்து, ஒரு தெரு தூரம் நடந்தால் கால் தேய்ந்தா போகும் என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு வயலும் வயிறும் அந்த ஊரில் இருந்தது, அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முள்ளுக்கு வழி டேனரியிலேயே கிடந்தது. தோலை ஒழுங்கு செய்து வெட்டும்போது ஓரத்துண்டுகள் நீள நீளமாக விழும். கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். பாய் முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல கெட்டித் தோலாகப் பொறுக்கி, வாராக வெட்டி, ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் சுற்றிலும் படுக்க வைத்தோம். தோலை எப்படி வளைத்தால் எப்படி அமரும் என்பது நாங்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வண்டி கொஞ்சம் கனமாயிற்று, மிதிக்க மூச்சு வாங்கும். ஆனால் முள் டயரில் குத்தும், தோலில் வந்து முறியும்.

அடுத்த காலை அவர்கள் தூவிய முள்ளின் மேலேயே மொறமொறவென்று ஓட்டிக்கொண்டு போனோம். என் மனைவி கேரியரில் இருந்தாள். அன்றுமுதல் அவள் பட்டை இடிக்க நடந்து போவதை விட்டுவிட்டாள். எந்தத் தோலைத் தொட்டோம் என்று எங்களை ஒதுக்கினார்களோ, அந்தத் தோல்தான் அவர்கள் தெருவில் எங்களைத் தாங்கிப் போயிற்று. முள் போடுவது கொஞ்ச நாள் நடந்தது. அந்த முள்ளில் ஊர் மாடுகளே கால் நொண்ட ஆரம்பித்ததும் தானாக நின்றது. மணியக்காரர் எங்களைப் பார்க்காததுபோல இருக்கக் கற்றுக்கொண்டார். களையெடுக்க ஆள் கிடைக்காமல் சேரிப் பெண்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கல்லில் சிலர் அப்புறமும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை.

படத்தை வீட்டில் விளக்கு மாடத்துக்கு மேலே மாட்டினோம். மாலை இல்லாமல்தான். ரொம்ப நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். வேறு ஒரு பழைய பேப்பரில் பார்த்தாராம். படத்தில் இருந்தவர் இறந்துவிட்டார். ஓட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, கையில் ஒன்றும் இல்லாமல், தர்ம ஆஸ்பத்திரியில். நாங்கள் ஊர்வலம் போன அன்றைக்கு அவர் ஏற்கெனவே இல்லையாம்.

உலகத்துக்கே முதல்வராக வந்தவருக்குக் கடைசியில் தர்ம ஆஸ்பத்திரிக் கட்டில். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று காட்டத்தான் ஆள் இல்லை.

"இனிமே ஒரு மால வாங்கிப் போடு தோஸ்த்," என்றார் பாய்.

நான் எழுந்தேன். பூ வாங்கப் பஜாருக்குப் போவதாகத்தான் இருந்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"மாலையெல்லாம் வாணாம்."

"செத்துட்டாரும்மா," என்றார் பாய். "பேப்பர்ல போட்டிருக்குது."

"பேப்பர்ல போடுவான். மால போட்டா அவரு எறங்கிட்டாருன்னு ஆயிடும்," என்றாள் அவள். "அவரு எறங்கல."

நான் திரும்ப உட்கார்ந்தேன். அவள் முந்தானையால் படத்தின்மேல் இருந்த விளக்குப் புகையைத் துடைத்துவிட்டு, தட்டுகளைக் கழுவப் போனாள்.